மச்சுக்குள் யார்? ஓர் இரவுக் கேமராவும் ஒரு மரநாய்க் குடும்பமும்

எங்கள் வீட்டு மச்சில் இரவு எட்டே கால் மணிக்கு யாரோ எழுந்து நடப்பதும், விடியற்காலை நாலரைக்குத் திரும்பி வந்து படுத்துக்கொள்வதும் கடந்த மாசி மாதத் தொடக்கத்திலிருந்து கேட்கத் தொடங்கின. வீடு நாகர்கோவிலுக்கு மேற்கே, வேளிமலை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், என் மனைவியின் தாத்தா கட்டியது. மங்களூர் ஓட்டுக்கும் மச்சுப் பலகைக்கும் இடையில் ஆள் குனிந்து போகும் உயரத்துக்கு ஓர் இருட்டு வெளி உண்டு. அங்கே பழைய உருளியும் மரக்காலும் உடைந்த தொட்டிலும் கிடக்கின்றன என்பது எங்களுக்குத் தெரியும்; நடப்பது யார் என்பதுதான் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்வதற்காக 6,800 ரூபாய் கொடுத்து இணையத்தில் வாங்கிய தானியங்கிக் கேமராவை ஐந்து மாதம் பயன்படுத்திய பிறகு எழுதும் மதிப்புரை இது.

கேமராவின் பெயரை நான் குறிப்பிடப் போவதில்லை. ஒரே உடல், ஒரே திரை, ஒரே பொத்தான்கள், மேலே ஒட்டிய பெயர் மட்டும் வேறு என்று நான்கைந்து பெயர்களில் இது விற்கப்படுகிறது. நீங்கள் வாங்கும்போது என்ன பெயரில் இருக்குமோ தெரியாது. ஆகவே பெயரைவிட இந்த வகைக் கருவி வீட்டுக்குள் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று சொல்வதே பயன் தரும் என்று நினைக்கிறேன்.

கேமரா வருவதற்கு முன்பு எங்களிடம் இருந்தவை ஊகங்கள் மட்டுமே. எலி என்றார்கள். எலியின் ஓட்டம் பொடிப்பொடியாக, நகம் கீறும் சத்தத்தோடு கேட்கும். இது ஒவ்வோர் அடியையும் எண்ணிவிடலாம் போல நிதானமாகவும் கனமாகவும் இருந்தது. குரங்கும் அணிலும் உடும்பும் பகலில் திரிபவை, இரவு நடமாட்டத்துக்கு அவற்றைக் குற்றம் சொல்ல முடியாது. வௌவாலாக இருந்தால் சிறகடிப்புதான் கேட்கும், காலடி கேட்காது, தொங்கும் இடத்துக்கு நேர் கீழே எச்சம் குவிந்திருக்கும். ஓட்டு வீடுகளில் கூகை குடியேறுவதும் உண்டு. அதன் குஞ்சுகள் பாம்பு சீறுவது போலச் சீறி வீட்டாரை நடுங்க வைக்கும், ஆனால் சுவரில் வெள்ளை எச்சமும், எலும்பும் மயிருமாக அது கக்கிய உருண்டைகளும் காட்டிக்கொடுத்துவிடும். பூனை என்று சொன்னவர்களுக்கும் பதில் இருந்தது: பூனை தன் கழிவை மண்ணில் புதைக்கும், எங்கள் வீட்டு விருந்தாளியோ மதில் சுவரின் மேல், எல்லோரும் பார்க்கும்படி, சப்போட்டா விதைகள் பளபளக்கும் கழிவை நாள்தோறும் ஒரே இடத்தில் விட்டுச் சென்றது.

இன்னொரு தடயத்தை நான் கண்டுகொள்ளவே இல்லை. மச்சுக்குப் போகும் ஏணியடியில் சில இரவுகளில் பாசுமதி அரிசி வேகும் மணம் வந்தது. பக்கத்து வீட்டில் பிரியாணி என்று நினைத்துப் பொறாமைப்பட்டதோடு சரி. மரநாயின் வால் அடியிலுள்ள சுரப்பியிலிருந்து வரும் வாடை ரம்பை இலையையோ வெந்த பாசுமதியையோ நினைவூட்டும் என்று பின்னர்தான் அறிந்தேன். பக்கத்து வீட்டார் மீது பட்ட பொறாமை அத்தனையும் வீண்.

என் மாமியார் செலவில்லாத ஒரு வழி சொன்னார். மச்சின் கிழக்கு மூலையில், ஓடு விலகி வெளிச்சம் தெரிந்த இடத்துக்கு உட்புறமாகக் கோலப்பொடியைத் தூவச் சொன்னார். மறுநாள் காலையில் அதில் பதிந்திருந்த தடங்களைக் கைபேசி வெளிச்சத்தில் எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொரு தடத்திலும் ஐந்து விரல்கள் இருந்தன. நாயும் பூனையும் நான்கு விரல்களைத்தான் பதிக்கும். "அஞ்சு விரலுன்னா மரப்பட்டியாக்கும், வேற என்ன?" என்று அத்தை சொல்லிவிட்டு வெற்றிலையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மலையாள எல்லையை ஒட்டிய எங்கள் பகுதியில் வயதானவர்கள் மரநாயை மரப்பட்டி என்றுதான் சொல்கிறார்கள். நேர்மையாகச் சொன்னால், அடையாளம் காணும் வேலையில் பாதியைப் பத்து ரூபாய்க் கோலப்பொடி முடித்துவிட்டது. மீதிப் பாதிக்குத்தான் கேமரா தேவைப்பட்டது. அந்த மீதி எவ்வளவு முக்கியமானது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

இடையில் பூச்சி ஒழிப்பு நிறுவனம் ஒன்றிலிருந்தும் ஆளை வரவழைத்தேன். வந்தவர் மச்சில் ஏறவில்லை. கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் பெருச்சாளி என்றார். ஏறிப் பார்க்க வேண்டாமா என்று கேட்டதற்குச் சத்தத்தைக் கேட்டாலே தெரியும் என்றார். அப்போது பகல் பதினொரு மணி, எந்தச் சத்தமும் இல்லை. விஷத்தீனி வைத்து, ஒரு கூண்டும் வைத்து, அகப்படுவதை எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடுவதற்கு 4,500 ரூபாய் கேட்டார். அவர் சொன்னபடி செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பின்னால் சொல்கிறேன். எதை எதிர்கொள்கிறோம் என்று தெரியாமலேயே தீர்வை விற்கும் வியாபாரம் அது என்பது மட்டும் அன்றே புரிந்தது. அந்தக் கோபத்தில்தான் கேமராவை வாங்கினேன்.

இந்தக் கேமரா இயங்கும் முறை எளிமையானது, ஆனால் அதைப் புரிந்துகொள்ளாமல் கட்டினால் பணம் வீண். கேமராவின் முகத்தில் முட்டைக்கண் போல ஒரு வெள்ளை வளைவு இருக்கும். அதற்குப் பின்னால் உள்ள உணரி, தன் முன்னுள்ள பரப்பின் வெப்பத்தில் ஏற்படும் மாற்றத்தைக் கவனித்துக்கொண்டே இருக்கும். சுற்றுப்புறத்தைவிடச் சூடான உடல் ஒன்று குறுக்கே நகர்ந்தால் கேமரா விழித்துக்கொண்டு, இரவாக இருந்தால் அகச்சிவப்பு விளக்குகளை எரியவிட்டுக் கறுப்பு வெள்ளையில் படமோ வீடியோவோ எடுக்கும். 2018 புலிக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 26,838 இடங்களில் இத்தகைய கேமராக்களைக் கட்டி மூன்றரைக் கோடிக்குச் சற்றுக் குறைவான படங்களை எடுத்தார்கள். அது கின்னஸ் சாதனையாகவும் பதிவானது. அவற்றில் புலி இருந்த படங்கள் 76,651 மட்டும். இந்த விகிதத்தை முன்பே அறிந்திருந்தால் என் முதல் வாரத்தை நான் அமைதியாகக் கழித்திருப்பேன்.

முதல் வாரத்தில் எனக்குக் கிடைத்தவை பெரும்பாலும் வால்கள். பெட்டியின் மேல் 0.2 நொடியில் விழித்துக்கொள்ளும் என்று அச்சிட்டிருக்கிறார்கள். இரவில் விளக்கு எரிந்து முதல் படம் பதிவாக ஒரு நொடியாவது ஆகிறது என்பது என் அனுபவம். அந்த ஒரு நொடியில் விலங்கு படச் சட்டத்தைக் கடந்துவிடுகிறது, வால் மட்டும் மாட்டிக்கொள்கிறது. வழிக்குக் குறுக்கே பார்க்கும்படி கேமராவை வைத்திருந்ததுதான் காரணம். வழியின் நீளவாக்கில் திருப்பினால் விலங்கு நேரே கேமராவை நோக்கி வரும். ஆனால் நேரே வரும் உடலை இந்த உணரி அவ்வளவு எளிதில் உணராது, குறுக்கே நகர்வதைத்தான் நன்றாக உணரும். இரண்டுக்கும் நடுவே, வழிக்குச் சாய்வாக நாற்பத்தைந்து பாகையில் ஓர் உத்தரத்தோடு சேர்த்துக் கட்டிய பிறகுதான் முழு உடல் சட்டத்துக்குள் வந்தது. கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கையேடு எந்த மொழியில் எழுதப்பட்டு எந்த இயந்திரத்தால் ஆங்கிலமாக்கப்பட்டதோ, அதைப் படிப்பதற்குத் தனியாக ஒரு கையேடு வேண்டும்.

அடுத்த தொல்லை வெளிச்சம். காட்டுக்காகச் செய்யப்பட்ட விளக்குகள் இருபது மீட்டர் தூரத்தை வெளிச்சமாக்கும் வலிமையுடையவை. மச்சுக்குள் மூன்று மீட்டரில் நிற்கும் விலங்கின் மீது அது பட்டால் வெள்ளைப் பிழம்பு ஒன்று நடந்து போவது போலத்தான் பதிவாகும். மருந்துக்கடையில் விற்கும் வெள்ளைக் காகிதப் பிளாஸ்திரியை விளக்குகளின் மேல் இரண்டு அடுக்காக ஒட்டியதும் முகமும் மீசையும் தெளிந்தன. உணரியின் மேல் மட்டும் ஒட்டிவிடக் கூடாது. இரண்டரை மீட்டருக்குள் வருபவை எப்படியும் மங்கலாகத்தான் விழும். குவியத்தை மாற்றும் வசதி இல்லை. பெட்டியில் போட்டிருக்கும் 36 மெகாபிக்சல் கணக்கையும் நம்ப வேண்டாம். சிறிய படத்தை மென்பொருளால் பெரிதாக்கி அந்த எண்ணைக் காட்டுகிறார்கள், கூடுதலாக ஒரு மயிர்கூடத் தெரிவதில்லை, மெமரி கார்டு மட்டும் சீக்கிரம் நிறைகிறது. நான் மிகக் குறைந்த அளவில் வைத்துத்தான் கடைசிவரை எடுத்தேன்.

எல்லாவற்றிலும் சுவையான குறை ஒன்றைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. விடியற்காலை நாலரைக்குத் திரும்பி வருவது ஒரு நாள் தவறாமல் பதிவாயிற்று. இரவு எட்டே காலுக்குக் கிளம்பிப் போவது மட்டும் பாதி நாட்களில் பதிவாகவே இல்லை. கேமராவில் கோளாறு என்று திருப்பி அனுப்பும் அளவுக்குப் போய்விட்டேன். பிறகு ஒரு வெப்பமானியை மச்சில் வைத்துப் பார்த்தேன்: பங்குனி வெயிலில் நாளெல்லாம் காய்ந்த ஓட்டுக்கு அடியில் மாலை ஏழு மணிக்கும் 36 டிகிரி. விலங்கின் உடற்சூடும் சுற்றியுள்ள பலகையின் சூடும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டால், வேறுபாட்டை மட்டுமே பார்க்கத் தெரிந்த உணரிக்கு அங்கே எதுவுமே நகரவில்லை. விடியற்காலையில் ஓடு குளிர்ந்துவிடுவதால் எதையும் விடாமல் பிடித்தது. நம் ஊர்க் கோடைக்கு இந்தக் கருவியை வாங்குபவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. உணர்திறனை 'அதிகம்' என்ற நிலைக்கு மாற்றியதில் ஓரளவு பயன் இருந்தது, முழுத் தீர்வு கிடைக்கவில்லை.

நல்ல படம் முதன்முதலில் கிடைத்த காலை இன்னும் நினைவிருக்கிறது. பூனையளவு நீளம், ஆனால் குட்டைக் கால்கள், கூர்ந்த மூக்கு. சாம்பல் நிறத்தில் முரட்டு மயிர், முதுகில் வரிகள். கண்ணைச் சுற்றிக் கறுப்பு முகமூடி போட்டு அதற்குக் கீழே வெள்ளைத் திட்டு வைத்தது போன்ற முகம். உடம்பின் நீளத்துக்கே கறுத்த வால், அதில் வளையம் எதுவும் இல்லை. அத்தை சொன்னது சரிதான், மரநாய். நாய்க்கும் அதற்கும் உறவு இல்லை, பூனைக்கும் நேரடி உறவு இல்லை. இரண்டுக்கும் வெளியே தனிக் குடும்பம். கள் இறக்கும் மரத்தில் ஏறிக் கலயத்தில் வாய் வைக்கும் பழக்கத்தால் வெள்ளைக்காரர்கள் இதைக் கள்ளுப் பூனை என்று பொருள்படும் பெயரால் அழைத்தார்கள். பழம் அதிகம் தின்னும். எலியும் பல்லியும் பூச்சியும் கிடைத்தாலும் விடாது.

படத்தைப் பார்த்த எதிர்வீட்டு அண்ணாச்சிக்குக் கண் விரிந்தது. அவர் இதைப் புனுகுப் பூனை என்று எண்ணிவிட்டார். திருமலையில் வெள்ளிக்கிழமை அபிஷேகத்துக்குப் பிறகு சுவாமிக்குப் புனுகுத் தைலம் சாத்துகிறார்கள், அந்தப் புனுகு இதிலிருந்துதான் வருகிறது, கூண்டில் அடைத்தால் காசு பார்க்கலாம் என்று ஒரு திட்டமே தீட்டிக்கொண்டு வந்தார். புனுகுப் பூனையின் வாலில் கறுப்பும் வெள்ளையுமாக வளையங்கள் மாறி மாறி வரும், உடம்பில் புள்ளிகள் வரிசையாக ஓடும், அது பெரும்பாலும் தரையில் வாழ்வது. மச்சில் ஏறிக் குடியிருக்கும் இந்த வளையமில்லா வாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று வீடியோவை நிறுத்தி நிறுத்திக் காட்டிய பிறகுதான் அவர் திட்டத்தைக் கைவிட்டார். வாலை மட்டும் பிடிக்கும் கேமரா இந்த ஓர் இடத்தில் உதவியது.

யாரென்று தெரிந்ததும் அந்த ஓட்டு இடைவெளியை அடைத்துவிடுவது என்று முடிவு செய்தோம். கொத்தனாரிடம் ஞாயிற்றுக்கிழமைக்குச் சொல்லியும் வைத்தாயிற்று. வெள்ளிக்கிழமை காலையில் வழக்கம்போல மெமரி கார்டை எடுத்துக் கணினியில் போட்டுப் பார்த்தபோது, பத்து நொடி வீடியோ ஒன்றில் மரநாய் உடைந்த தொட்டிலின் பக்கமிருந்து வாயில் எதையோ கவ்விக்கொண்டு வந்தது. எலி என்று நினைத்தேன். சட்டத்தின் நடுவில் வந்து நின்று அதைக் கீழே வைத்ததும் அது தானாகவே நகர்ந்தது. கண் திறந்து சில நாட்களே ஆகியிருக்கக்கூடிய குட்டி. அடுத்தடுத்த வீடியோக்களில் இன்னும் இரண்டு குட்டிகள் தெரிந்தன. தாய் அவற்றைத் தொட்டிலிலிருந்து உருளிக்குள் இடம் மாற்றிக்கொண்டிருந்தது.

கோலப்பொடியால் இதைச் சொல்லியிருக்க முடியாது. தாய் இரை தேடப் போன நேரத்தில் ஓட்டை அடைத்திருந்தால், மூன்று குட்டிகளும் எங்கள் தலைக்கு மேலேயே பட்டினியில் செத்திருக்கும். தாய் ஓட்டைப் பிய்த்துக்கொண்டு உள்ளே வர முயன்றிருக்கும். பூச்சி ஒழிப்பு ஆள் சொன்ன கூண்டில் தாய் அகப்பட்டு எங்கோ தொலைவில் விடப்பட்டிருந்தாலும் இதே கதிதான். விஷத்தீனி வைத்திருந்தால், விஷம் தின்ற எலியைத் தின்று தாயும் செத்திருக்கும். நாற்றம் வந்த பிறகுதான் எங்களுக்கு எதுவும் தெரிந்திருக்கும். 6,800 ரூபாய்க்கு இந்தக் கேமரா தகுதியானதா என்று கேட்டால், அந்தப் பத்து நொடிக்காக மட்டும் தகுதியானது என்பேன்.

சட்டமும் இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மரநாய் பாதுகாக்கப்பட்ட விலங்கு. அதன் ஒன்பதாவது பிரிவு வேட்டையைத் தடை செய்கிறது. இந்தச் சட்டத்தில் வேட்டை என்பது கொல்வதை மட்டும் குறிக்கவில்லை, விஷம் வைப்பதும் கண்ணி வைப்பதும் பொறியில் பிடிப்பதும் இரை வைத்து ஈர்ப்பதும்கூட அதே சொல்லுக்குள் அடங்குகின்றன. ஆகவே கூண்டு வைத்துப் பிடித்துத் தருகிறேன் என்று தனியார் யாராவது சொன்னால், அதற்கான அனுமதியைக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். கேமராவுக்கு முன்னால் படம் நன்றாக விழட்டும் என்று மட்டிப் பழத்தை வைக்கும் யோசனை எனக்கும் வந்தது. நல்ல வேளையாக வைக்கவில்லை. தின்ன வருவதற்கு இன்னொரு காரணத்தை நாமே கொடுப்பது அசட்டுத்தனம் என்பது ஒருபுறம் இருக்கட்டும்.

வனத்துறை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசியபோது எடுத்தவர் முதலில் கேட்டது படம் இருக்கிறதா என்றுதான். வீடியோவை அனுப்பிய கால் மணி நேரத்தில் அவரே திரும்ப அழைத்தார். குட்டிகள் தாயோடு சேர்ந்து வெளியே போகத் தொடங்கும்வரை பொறுத்திருங்கள், பகலில் மச்சில் ஏறாதீர்கள், குட்டியைக் கையால் தொடாதீர்கள், எல்லாம் வெளியேறிவிட்டது என்று உறுதியான பிறகு அடையுங்கள் என்று சொன்னார். கடித்தாலோ கீறினாலோ என்ன செய்வது என்று கேட்டேன். காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும், பாலூட்டி எதுவாக இருந்தாலும் இதே விதிதான் என்றார். படம் இல்லாமல், மச்சில் ஏதோ நடக்கிறது சார் என்று சொல்லியிருந்தால் இந்தப் பேச்சு இவ்வளவு தெளிவாக நடந்திருக்காது.

காத்திருந்த வாரங்கள் கேமராவுக்கு உண்மையான சோதனையாக இருந்தன. எட்டு பென் டார்ச் பேட்டரி போட வேண்டும். பெட்டிக்கடையில் கிடைக்கும் மலிவான பேட்டரிகள் ஐந்தே நாளில் இறங்கிவிட்டன. அல்கலைன் பேட்டரிகள் ஆறு வாரத்துக்கு மேல் தாங்கின. மின்னேற்றிப் பயன்படுத்தும் பேட்டரிகளில் மின்னழுத்தம் சற்றுக் குறைவு என்பதால், அவை நிறைந்திருக்கும்போதே பாதி காலி என்று திரை காட்டுகிறது, இரவு விளக்கும் மங்குகிறது. பேட்டரியைக் கழற்றிய ஒவ்வொரு முறையும் கேமரா தன் தேதியை மறந்து ஏதோ ஒரு பழைய ஜனவரி முதல் தேதிக்குப் போய்விடும். அதைத் திருத்த மறந்த ஒரு வாரம் முழுவதும் குட்டிகள் பிறப்பதற்கு முன்பே வளர்ந்துவிட்டதாக என் பதிவுகள் சொல்கின்றன. கைபேசிச் செயலி இருக்கிறது என்று பெட்டியில் பெருமையாகப் போட்டிருக்கிறார்கள். அது வேலை செய்ய நாம் கேமராவுக்குப் பத்து மீட்டருக்குள் நிற்க வேண்டும். அதோடு என் தொடர்பு எண்களைப் பார்க்கவும் அனுமதி கேட்டது. மரநாயைப் பார்ப்பதற்கு என் சித்தப்பாவின் எண் எதற்கு என்று அன்றே நீக்கிவிட்டேன். மச்சில் ஏறாமல் கார்டை எடுப்பதற்காக, கேமராவை ஏணித் திறப்பின் விளிம்பிலேயே கை எட்டும்படி கட்டி வைத்துக்கொண்டேன். ரப்பர் விளிம்பின் வழியே எறும்புகள் உள்ளே போய்ப் பேட்டரி அறையில் முட்டை வைத்ததைத் தவிர, உடலின் உறுதியில் குறையில்லை.

பங்குனிக் கடைசியில் உருளிக்குள் கிடந்தவை சித்திரையில் ஒன்றையொன்று கடித்துத் துரத்தி விளையாடின. வைகாசியில் தாயின் பின்னால் வரிசையாக ஓட்டு இடைவெளிவரை வந்து எட்டிப் பார்த்துத் திரும்பின. அந்தச் சத்தத்தில் எங்களுக்குத் தூக்கம் போனது, மச்சுப் பலகையில் மூத்திரக் கறை படர்ந்தது, இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழையோ நெருங்கிக்கொண்டிருந்தது. மழைக்கு முன் ஓட்டைச் சரி செய்யாவிட்டால் பலகை உளுத்துவிடும் என்று கொத்தனார் தினமும் நினைவூட்டினார். அயனி மரத்தில் பழம் பழுத்த ஒரு வாரத்தில் நான்கும் சேர்ந்து வெளியே போவதும் நான்கும் சேர்ந்து திரும்புவதும் பதிவாயின. பிறகு திரும்புவது குறைந்தது. தொடர்ந்து மூன்று விடியற்காலைகளில் கேமராவில் எதுவும் விழவில்லை, கோலப்பொடியிலும் தடம் இல்லை. இரண்டும் ஒத்துப் போன பிறகே கொத்தனாரை வரச் சொன்னேன்.

விலகிய ஓடுகளை மாற்றி, உத்தரத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள எல்லாச் சந்துகளிலும் அரை அங்குலக் கண்ணியுள்ள வெல்டு மெஷ் கம்பிவலையை அடித்தோம். கூரையைத் தொட்டுக்கொண்டிருந்த மாமரக் கிளையை ஆறடிக்கு வெட்டினோம். சுவரோரத் தென்னையில், எலிக்காக அடிப்பது போலவே, தகரப் பட்டை சுற்றினோம். கழிவை ஈரப்படுத்தி, முகத்தில் துணி கட்டிக்கொண்டு அள்ளி, பலகையைக் கழுவிக் காயவைக்க இரண்டு நாள் ஆனது. எல்லாம் சேர்த்துக் கேமராவைவிடக் கொஞ்சம் அதிகம் செலவாயிற்று.

யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன்? மச்சிலோ தோட்டத்திலோ கோழிக்கூட்டிலோ இரவு வந்து போகும் சூடான இரத்தமுள்ள விலங்கை அடையாளம் காண வேண்டியவர்களுக்கு. பாம்பு வருகிறதா என்று பார்க்க இதை வாங்காதீர்கள்; பாம்பின் உடல் சுற்றுப்புறச் சூட்டிலேயே இருப்பதால் இந்த உணரி பெரும்பாலும் அதைக் கண்டுகொள்ளாது, படம் விழவில்லை என்று நம்பிக் காலை வைப்பது ஆபத்து. பாம்பு என்ற சந்தேகம் இருந்தால் தீயணைப்பு மீட்புப் பணித் துறையை 101இல் அழைப்பதுதான் சரி. வாங்கும்போது விளக்கு 940 நானோமீட்டர் அலைநீள வகையா என்று பாருங்கள். 850 வகையில் விளக்குகள் எரியும்போது மங்கிய சிவப்பு தெரியும், சில விலங்குகள் அதை நிமிர்ந்து பார்க்கின்றன, இருட்டில் தண்ணீர் குடிக்க எழுந்த வீட்டு மனிதர்களும் அலறுகிறார்கள். என்னுடையது 850. தெருவில் யாரிடமாவது இந்தக் கேமரா இருந்தால் இரவல் வாங்குங்கள். ஒரு வீட்டுக்கு ஒரு வருடத்தில் இரண்டு மாதத்துக்கு மேல் இது தேவைப்படாது. அடுத்த வீட்டு முற்றம் படச் சட்டத்துக்குள் வராதபடி கட்டுங்கள்.

ஐந்தில் எத்தனை என்று கேட்டால் மூன்றரை கொடுப்பேன். விழித்துக்கொள்ளும் வேகத்துக்கு ஒன்று குறைத்தேன், தேதியை மறப்பதற்கு அரை.

அடைத்து முடித்த அன்று இரவு கேமராவை மச்சுக்கு வெளியே, அந்தப் பழைய இடைவெளியைப் பார்க்கும்படி கட்டினேன். நாலு இருபத்தெட்டுக்குத் தாய் மட்டும் வந்தது. கம்பிவலையை முகர்ந்து, முன்காலால் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, சற்று நேரம் ஓட்டின் மேல் உட்கார்ந்திருந்து, மதில் வழியாக அயனி மரத்தின் பக்கம் போய்விட்டது. இப்போது கேமரா கிணற்றடியில் அந்த மரத்தைப் பார்த்தபடி கட்டியிருக்கிறது. பிளாஸ்திரியைப் பிரித்துவிட்டேன், ஆடிக் காற்று இரவைக் குளிர்வித்து வைத்திருப்பதால் உணரியும் நன்றாக வேலை செய்கிறது. நேற்று எடுத்த கார்டில் பதினேழு படங்கள் இருந்தன: அசையும் வாழையிலை பதினாறு, இடது ஓரத்தில் வெளியேறிக்கொண்டிருக்கும் வளையமில்லாத கறுத்த வால் ஒன்று.